ஐஸ்பெட்டிக்காரரின் நீலச் சீஸ்

தெருவில் அவருக்கு ஐஸ்பெட்டிக்காரர் என்றுதான் பெயர். முப்பது வருடமாக ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிறார். கதவு ரப்பரில் பூசணத்தைக் கண்டால் பொறுக்க மாட்டார். பழைய பல் பிரஷால் தேய்த்தெடுத்துவிட்டு, கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பார். காகிதம் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். "காத்து புகுந்தா எல்லாம் கெட்டுச்சு" என்பது அவருடைய வேதவாக்கு.

அந்த மனிதர்தான் நீலச் சீஸ் செய்யக் கிளம்பினார். ஒரு ஓட்டலுக்கு வேலைக்குப் போன இடத்தில் சமையல்காரர் அதில் சின்னத் துண்டு ஒன்றைக் கையில் வைத்தார். வாயில் போட்டதும் முகம் எட்டுக் கோணலாகிவிட்டது. ஆனால் பாதிப் படி இறங்கியவர் திரும்பி வந்து இன்னொரு துண்டு கேட்டார்.

"உள்ள நீலமா ஓடுறது பூசணம்ணே" என்றார் சமையல்காரர்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயுசு முழுக்கத் தேய்த்து எறிந்த சாதியா இது?

யாரோ கழித்துக்கட்டிய ஃபிரிட்ஜ் ஒன்று படுக்கையறை மூலையில் வந்து உட்கார்ந்தது. குளிரைப் பத்து டிகிரியில் நிறுத்தினார்; ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தார். ஓட்டல் சீஸில் கிள்ளியெடுத்த நீலத்தைப் பாலில் கரைத்து, திரியவைத்து, வடித்து, உப்பிட்டு, வட்டக் கட்டியாக்கி உள்ளே வைத்தார். இரண்டு மாதம் கழித்து வெட்டினால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. இரண்டாவதும் அதே கதிதான்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். "ஊரான் வீட்டுப் பெட்டியெல்லாம் சரி பண்றீங்க, நம்ம வீட்டுப் பெட்டிதான் நாறுது. மூணாவதும் இப்படின்னா இது வெளிய போயிடும், சொல்லிட்டேன்."

மூன்றாவது கட்டிக்குப் பத்து நாள் ஆகியிருந்தது. மானத்தை விட்டுச் சமையல்காரருக்குப் போன் போட்டார்.

"கம்பியால குத்துனீங்களாண்ணே?"

"கத்துக்கிட்ட வீடியோல குத்துனாங்க. உப்பு இறங்கத்தான்னு விட்டுட்டேன். குத்துனா உள்ள காத்து போயிடாதா?"

"போகணும்ணே! பூசணத்துக்கு மூச்சு வேணாமா? எப்படி வச்சிருக்கீங்க?"

"நாலு சுத்து பிளாஸ்டிக்."

மறுமுனையில் சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

ஸ்வெட்டர் பின்னும் ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு நின்றார். கை இறங்கவில்லை. ஓட்டையை அடைத்தே பிழைத்த கை அது.

"தள்ளுங்க. பாதி ஊருக்கு ஊசி போட்டவ நான். இது ஐயோன்னுகூடச் சொல்லாது" என்று மனைவி ஊசியைப் பிடுங்கினாள். மேலிருந்து கீழாக நாற்பது குத்து. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரித்த பிளாஸ்டிக்கை மறுபடி சுற்றவில்லை. ஏழு வாரம் தினமும் புரட்டி வைத்தார்.

ஒரு ஞாயிறு காலையில் கத்தியை வைத்தார். இரண்டு பாதியும் பிரிந்து சாய்ந்தன. ஊசி போன வழியெல்லாம் நீலம் இறங்கியிருந்தது. அதோடு நிற்காமல், கிடைத்த விரிசலிலெல்லாம் கிளை பிரிந்து, புறங்கை நரம்பு போல ஓடியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாம வழி மட்டும்தானடி விட்டோம்... இவ்வளவும் அதுவா வரைஞ்சுதா?"

அவள் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். அவர் அந்த முகத்தையே பார்த்திருந்தார். இன்னொரு துண்டு கிள்ளினாள்.

"அடுத்ததுக்குப் பால் எத்தன லிட்டர் சொல்லணும்?" என்றாள்.