தீவில் வெயில்

மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டால், பஸ் கவிழ்வதற்கு முன்பே நான் கவிழ்ந்துவிடுவேன். அன்றும் ஏற்காடு பஸ்ஸில், என் இரங்கல் போஸ்டருக்கு எந்தப் போட்டோ எடுப்பாக இருக்கும் என்று மனதுக்குள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குரங்குக் குல்லா போட்ட ஒல்லியான பெரியவர், செல்போனை வேட்டியில் துடைப்பதும் அதில் வானிலையைப் பார்ப்பதுமாகவே வந்தார்.

“ஏனுங்க, மழை எப்ப விடுமாம்?” என்று கேட்டேன்.

“இன்னிக்கு மழையே இல்லீங்க. நல்ல வெயில்னு போட்டிருக்குதுங்க.”

வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

“உங்க போனை நம்புனா நேரா சேலத்துலதான் போய் விழுவோமுங்க” என்றேன். முன்சீட்டில் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. “இது நம்மூருக்கு இல்லீங்க, அந்தமானுக்கு. எம் பையன் அங்க மீன்பிடி படகுல வேலைக்குப் போனானுங்க. படகு கவுந்துருச்சு. மத்தவங்கெல்லாம் கெடைச்சுட்டாங்க, இவன் கெடைக்கல. புயல் காத்துன்னு தேடறத நிறுத்திட்டாங்க. வெயிலடிச்சா மறுபடி போறோம்னு சொன்னாங்க.”

அவர் போனை மறுபடி வேட்டியில் துடைத்தார்.

“உசுரோட இருப்பான்னு நெனைக்கலீங்க. ஊட்டுக்குக் கொண்டாந்து சேத்துட்டாப் போதும். அவங்கம்மா இன்னும் கதவைச் சாத்த விடமாட்டேங்கறா.”

அடுத்த வளைவில் பஸ் குலுங்கியது. என் கை தானாகக் கம்பியைப் பிடித்தது. அவர் பார்த்துவிட்டார்.

“பயந்துக்காதீங்க. டிரைவர் நொம்ப நெதானமானவருங்க” என்று என் தோளைத் தட்டினார்.

அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் என் பயம் எப்படிக் கண்ணில் பட்டது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.