நிக்காஹ் சிடியில் மச்சானின் குரல்

என் அக்காவைத் திருக்கோவிலூரில் கட்டிக்கொடுத்து இருபது வருஷம் ஆகிறது. மச்சான் தவறிப்போய் ஒன்றரை வருஷம். அவர் பேசுவதே கம்மி. யாராவது போனை நீட்டி வீடியோ எடுத்தால் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னால், நேரில் வந்து சொல்கிறேன் என்று பஸ் ஏறிவிடுகிற ஆள். அதனால் அவர் போன பிறகு அவர் குரல் என்று வீட்டில் எதுவுமே மிஞ்சவில்லை. இருந்தது நிக்காஹ் சிடி ஒன்றுதான். அதிலும் பாட்டுதான் இருந்தது.

எங்களில் நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும். பெண் அங்கே வரமாட்டாள். மாப்பிள்ளை, ஓதி நடத்திவைக்கிற ஹஜ்ரத்துக்கு எதிரே உட்கார்ந்து 'கபூல்' என்று சம்மதம் சொல்வதை ஜமாஅத்தே கேட்கும், கட்டிக்கொள்ளப் போகிறவள் மட்டும் கேட்கமாட்டாள். அக்கா அந்த நேரம் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில், பெண்களுக்கு நடுவே பூவின் பாரத்தில் தலை நிமிர முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு சிடி வந்தது. மச்சானின் உதடு அசைகிற சரியான இடத்தில் ஒரு சினிமா டூயட் ஓடியது. பள்ளிவாசலில் டூயட்டா என்று எங்களைப் பெற்ற அத்தா வீடியோக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். அந்த மனுஷர் அசரவில்லை. பாட்டில்லாமல் கல்யாண வீடியோ உண்டா பாய், எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, நன்றாகக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் நன்றாகத்தான் கேட்டோம். டூயட் மனப்பாடமே ஆகிவிட்டது.

நீங்கள் வாயையே திறந்திருக்கமாட்டீர்கள், உங்களுக்குப் பதில் எங்கள் அத்தாதான் சொல்லியிருப்பார் என்று அக்கா மச்சானை அவர் இருந்தவரைக்கும் வம்புக்கு இழுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்.

போன மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. "டேய், அந்த சிடில பாட்ட மட்டும் எடுத்துட முடியாதா? அவரு சொன்னத ஒரே ஒரு வாட்டி கேக்கணும்டா."

எனக்கு மோட்டார் உதிரி சாமான் கடை. கம்ப்யூட்டரில் பில் போடுகிறேன் என்பதால் கம்ப்யூட்டரே தெரிந்தவன் என்று குடும்பத்தில் எனக்கொரு பெயர். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிடியில் இருந்ததை எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவில் பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் லேப்டாப்புடன் திருக்கோவிலூர் போனேன்.

லேப்டாப்பில் ஓடவிட்டபோது டூயட்டுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். பழைய டிவியில் அந்த இருமல் கேட்டதே இல்லை. அந்த ஒரு இருமலை நம்பி நான் ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றேன். பிளேயரில் சத்தத்தை இருநூறு சதவீதத்துக்கு ஏற்றினேன், டூயட்தான் தெருவுக்குக் கேட்டது. ஈக்வலைசரைத் திறந்து கோடுகளை மேலும் கீழும் இழுத்தேன், பாடகருக்குச் சளி பிடித்தது. வேறு ஆடியோ டிராக் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது ஒன்றே ஒன்று. பிளேயரை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். எனக்குக் கோபம் வந்தால் சாமான் மேல்தான் காட்டுவேன். லேப்டாப்பைப் படீரென்று மூடியபோது அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

டீ குடித்துவிட்டு இயர்போனைச் செருகினேன். நானும் கேட்கிறேனே என்றாள். இருந்தது ஒரே இயர்போன். இடது காதுக்கானதை நான் வைத்துக்கொண்டு வலதை அவளிடம் கொடுத்தேன். ஒயர் கட்டையாக இருந்ததால் சின்ன வயசில் ஒரே பாயில் உட்கார்ந்த மாதிரி தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். எனக்கு டூயட் சுத்தமாகக் கேட்டது. அக்கா கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

"பாட்டு எங்கடா? ஹஜ்ரத்து ஓதிக்கினு கீறாரு."

எனக்குப் பயமாகிவிட்டது. ஏக்கத்தில் இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். பிறகு அவள் காதிலிருந்ததை வாங்கி என் காதில் வைத்தேன். ஹஜ்ரத் ஓதிக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை. பாட்டை இடது பக்கத்திலும் பள்ளிவாசல் சத்தத்தை வலது பக்கத்திலும் போட்டிருந்திருக்கிறார். அந்தக் காலத்து சிடி பிளேயரில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர் வரும். எங்கள் பழைய டிவியில் இரண்டே ஓட்டை. மஞ்சள் படத்துக்குப் போனது, வெள்ளை சத்தத்துக்குப் போனது. மீந்த சிவப்பைக் கரண்ட் ஒயர் என்று நினைத்து, பிள்ளைகள் தொட்டுவிடப் போகிறார்கள் என்று அத்தா அதன் முனையில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி வைத்துவிட்டார். அதே டிவியும் பிளேயரும் அக்காவுக்குச் சீர்வரிசையாகத் திருக்கோவிலூர் போனபோது டேப்பும் கூடவே போனது. கடையில் வண்டி ஒயர் விற்கிற எனக்கும் அதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. மச்சான் உயிரோடு இருந்தபோதே ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பிளேயரின் ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ என்று இருந்ததை வலது என்று மாற்றி, இயர்போனைப் பிடுங்கினேன். டூயட் நின்றுபோனது. எங்கள் பள்ளிவாசலின் மின்விசிறிகளும் பேச்சும் இருமலும் அறைக்குள் வந்தன. ஹஜ்ரத் அத்தாவின் பெயரைச் சொன்னார், அக்காவின் பெயரைச் சொன்னார், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையைச் சொன்னார், சம்மதமா என்று கேட்டார். மச்சான் ஏதோ முனகினார். சத்தமாகச் சொல்லுங்கள் மாப்பிள்ளை என்றார் ஹஜ்ரத். உடனே "கபூல்" என்று ஒரு குரல் உடைந்துபோய், தேவைக்கு மேல் உரக்க வந்தது. ஆண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் என் குரலும் இருந்தது. இந்தப் பக்கம் நான் அழுதுகொண்டிருந்தேன்.

அக்கா அழவில்லை. இன்னொரு முறை போடச் சொல்லவும் இல்லை. படத்தை அப்படியே நிறுத்தி வைக்கச் சொன்னாள். திரையில் மச்சான், இருபத்தாறு வயதில், சிரித்தவர்களைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி அத்தா ரெண்டு சாட்சிய கூட்டிக்கினு வந்து என்னயும் கேட்டாருடா, சம்மதமான்னு. எனக்கு வாயே வர்ல. தலயத்தான் ஆட்னேன்" என்றாள்.

பிறகு முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, லேப்டாப்புக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"எனக்கும் சம்மதங்க."