தேத்தண்ணி ஓய்வா, இல்லையா?

போன கிழமை மகள் வீட்டுக் கதிரையில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். எட்டு முகமுள்ள தாயக்கட்டை ஒன்று உருண்டு வந்து என் கால் பெருவிரலில் முட்டியது. மேசையைச் சுற்றிப் பேத்தியும் கூட்டாளிகளும் விளையாட்டில். "அந்த வித்தை ஒரு சண்டைக்கு ஒருக்காத்தான்!" "இது வேற சண்டையடி!" என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். கட்டையைக் குனிந்து எடுத்தேன். துறைமுகத்துத் தார் மணத்தது. மூக்கின் கோளாறாகவும் இருக்கலாம்; அந்த வயது எனக்கு.

எங்களுக்கும் அப்படியொரு விளையாட்டு இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். எண்பதுகள் பிறந்த நேரம். திருகோணமலைத் துறைமுகத்தில் நான் சாமான் எண்ணும் கிளாக்கர். சாமான் அறைப் பொறுப்பாளர் அலோசியஸிடம் கப்பல்காரன் ஒருவன் ஒரு பெட்டியை விட்டுப்போனான். உள்ளே விசித்திரத் தாயக்கட்டைகளும் ஓர் ஆங்கிலப் புத்தகமும். ஒருவர் நடுவராக இருந்து கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடமெடுத்து அந்தக் கதைக்குள் சண்டை பிடிக்கவேண்டும். அடி படுமா தப்புமா என்பதைக் கட்டை சொல்லும். பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வரும் அலோசியஸ், பூசைக்குப் போகிற முகத்தோடு நடுவரானார். பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டும் ஜபார் கேடயம் தூக்கும் காவலன். நான் கள்ளன். வீரனாகத்தான் கேட்டேன், இருவரும் சிரித்த சிரிப்பில் கள்ளனாகிவிட்டேன்.

மத்தியானச் சங்கு ஊதியதும் ஷெட்டின் மூலையில் கூடுவோம். ஜபார் கிண்ணியாவிலிருந்து கட்டிவரும் மீன் பொரியலின் எண்ணெய் புத்தகத்தின் பாதியில் ஊறியிருந்தது. என் கள்ளன் எப்போதும் காவலனின் முதுகுக்குப் பின்னால். வெளியிலும் அப்படித்தான். நேரம் கெட்டுவந்த காலம். துறைமுக வாசல் கேற்றடியில் படைச் சோதனைக்கு நிற்கையில் ஜபாரின் தோளோடு ஒட்டிக்கொள்வேன். சிங்களத்தில் அவன் ஏதோ பகிடி விடுவான், துவக்கோடு நிற்கும் சிப்பாய் சிரிப்பான், நான் உள்ளே போய்விடுவேன்.

எங்களைக் குழப்பியது ஒரே விதி. பக்கத்தில் நிற்பவன்மேல் விழும் அடியைக் காவலன் தான் வாங்கிக்கொள்ளலாம்; ஆனால் ஒரு தடவை வாங்கினால், ஓய்வெடுத்த பிறகுதான் மறுபடி. எது ஓய்வு? புத்தகம் வாய் திறக்கவில்லை. எழுதினவன் துறைமுகத்தில் வேலை பார்க்காதவன். எங்களுக்கு ஓய்வென்றால் தேத்தண்ணி. பிளாஸ்க் மூடி திறந்தால் துரையே வந்தாலும் நிற்கவேண்டியதுதான். நாங்கள் குடித்தால் கதைக்குள் இருக்கிறவனுக்கும் களை ஆறுமா? அலோசியஸ் ஒருநாள் ஆறும் என்பார், மறுநாள் ஆறாது என்பார்.

ஜபாருக்குச் சவூதி விசா வந்தது. கடைசி நாள் விளையாட்டில் ஓர் அரக்கனின் கோடரி என் கள்ளன்மேல் இறங்கியது. பட்டால் சாவு. காவலனும் குற்றுயிர், அவன் வாங்கினால் அவனுக்குச் சாவு. கேடயத்தை அவன் ஏற்கெனவே பாவித்தும் விட்டான்.

"இப்பதானே தேத்தண்ணி குடிச்ச. ஓய்வு முடிஞ்சி. அந்த அடி எனக்கு" என்றான் ஜபார்.

"குடிச்சது நாங்கள். உன்ரை காவலன் எங்கையடா குடிச்சவன்?" என்றேன். எனக்கு எதிராக நானே வாதாடிய ஒரே வழக்கு.

"நான் நாளைக்குப் போறவன் மச்சான், செத்தா என்ன? நாளையில இருந்து ஒனக்குக் குறுக்க ஆரு நிக்கிற?"

கோடரியை யாரும் பார்க்கவில்லை. மூவரும் கேற்றடியைத்தான் பார்த்தோம்.

அலோசியஸ் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். வேலைக்குத் திரும்பும் சங்கு ஊதியது. "கோடரி அப்பிடியே நிக்கட்டும். ஜபார் திரும்பி வந்தாப்பிறகு தீர்ப்புச் சொல்லுறன்."

அதன்பின் கேற்றடியில் தனியாக நின்றேன். எனக்குப் பகிடியும் வரவில்லை. பிறகு கலவரத்தில் ஊர் எரிந்தது. அலோசியஸ் விளையாட்டுப் பெட்டியையும் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஒரு லொறியில் ஏறினார். எங்கே இறங்கினார் என்று சொல்ல இன்றுவரை ஆளில்லை. நான் கடல் தாண்டினேன். ஊருக்குத் திரும்பிவிட்ட ஜபார் பெருநாளுக்குப் பெருநாள் தொலைபேசியில் கேட்பான்: "அலோசியஸ் அண்ணன்ட கதை ஏதும்?" ஷெட் இல்லை, சங்கு இல்லை என்பான். நாமே தீர்த்துக்கொள்வோம் என்று இருவரும் ஒருபோதும் சொன்னதில்லை.

"அம்மப்பா, கட்டையைத் தாங்கோ."

"பிள்ளை, தேத்தண்ணி குடிச்சா ஓய்வோ?"

பேத்தி போனை எடுத்தாள். "அதுக்கெல்லாம் இப்ப தெளிவா விதி இருக்கு. வாசிக்கட்டோ?"

"வேண்டாம்" என்று கட்டையை அவள் கையில் வைத்தேன். "தீர்ப்புச் சொல்ல அந்த மனிசன் வரட்டும்."