ஒரு லீற்றர் தண்ணீர்

பிள்ளையள், அடுப்படித் தட்டில் இருக்கிற அந்தக் கோடு கீறின போத்தலைத் தொட ஏன் விடுகிறதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தரம் கேட்டுவிட்டீர்கள். உங்களுக்கு முதல் ஒரு அக்கா பிறந்தவள். ஒன்றரை வயது மட்டும் எங்களோடு இருந்தாள். உங்கடை அம்மா அவளைப் பற்றிக் கதைக்க மாட்டா. அதுதான் நான் எழுதுகிறேன்.

அது மாரிகாலம். கொடிகாமம் சந்தையில் கத்தரிக்காய் மூட்டையை இறக்கிப்போட்டு வந்தேன். பிள்ளை குடித்த பாலையெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் வயிற்றாலும் போகத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் என்று அம்மா சொன்னா. பல்லு முளைக்கிற பிள்ளைக்கு உது வாறதுதான், மழை விடட்டும் என்று நான்தான் மறித்தேன்.

கடையில் உப்பும் சீனியும் கலந்த மருந்துப் பைக்கற் ஒன்று வாங்கினேன். கொதித்தாறின தண்ணீர் ஒரு லீற்றரில் கரைக்கவேண்டும் என்று தமிழிலேயே போட்டிருந்தது. வாசித்தேன். வாசித்துப்போட்டும் முழுவதையும் ஒரு தம்ளருக்குள் கொட்டிக் கலக்கினேன்.

தோட்டத்தில் பழகின பழக்கம் அது. மருந்தடிக்கிற டாங்கிக்கு இரண்டு மூடி என்றிருந்தால் நான் மூன்று மூடி ஊற்றுவேன். கூடப் போட்டால் கெதியாய்க் கேட்கும் என்ற எண்ணம். பக்கத்துத் தோட்டத்து அண்ணை, "உன்ரை கத்தரிக்காயைத் திண்டால் புழுவோடை சேர்ந்து நாங்களும் படுத்திடுவமடா" என்று பகிடி விடுவார். நானும் சிரிப்பேன்.

பிள்ளை முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் தாகம். கரண்டி கரண்டியாய்ப் பருக்கினேன்.

அடுத்த நாள் காலை அவள் அழுதாள், கண்ணீர் வரவில்லை. பிறகுதான் ஓட்டோ பிடித்தோம். வார்ட்டில் நின்ற நேர்ஸ் எவ்வளவு தண்ணீரில் கரைத்தீர்கள் என்று கேட்டா. ஒரு தம்ளர் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவ பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா.

வார்ட்டில் இரண்டாம் நாள் பிள்ளை போய்விட்டாள்.

இது வைரஸ், நாட்டில் அனேகமாய் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருதரமாவது வரும், உடம்பில் தண்ணீர் வற்றுவதுதான் கொல்லும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். இப்ப உதில் சாகிறது குறைவு என்றும் சொன்னார். அந்தக் குறைவுக்குள் எங்கடை பிள்ளை.

"என்ரை பிழையோ டொக்டர்?"

அவர் நேர்ஸ் எழுதிவைத்த துண்டை எடுத்துப் பார்த்தார்.

"உப்புக் கூடிப்போச்சு. அது உடம்பிலை மிஞ்சின தண்ணியையும் இழுத்துப்போடும். பிந்தியும் வந்திட்டியள்."

அதை அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் அவவும் அறியவேணும்.

புதைத்த மூன்றாம் நாள் அம்மா படுத்திருந்தா. நான் தனியக் கிணற்றடிக்குப் போய், அதே தம்ளரால் ஒரு லீற்றர்ப் போத்தலுக்குள் தண்ணீர் வார்த்தேன். ஐந்து தம்ளர் பிடித்தது. தண்ணீர் நின்ற இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினேன்.