பெஞ்சோடு கட்டப்பட்ட நித்யா

சிறப்பு ஆசிரியை வேலைக்குப் பொறுமை வேண்டும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். திடுக்கிடாத நெஞ்சு வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஓரிடத்தில் நிற்காத பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர் நீங்கள் என்றால், நான் சொல்வது புரியும்.

முடிச்சு

புதுச்சேரியில் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து முழுக்கப் பள்ளி பள்ளியாக ஸ்கூட்டியில் போய் வருகிறேன். ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குள் நுழையப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். கடைசி வரிசையில் நித்யா என்ற பெண்ணைத் துப்பட்டாவால் இடுப்பைச் சுற்றி பெஞ்சோடு கட்டியிருந்தார்கள். அவள் அழவில்லை. காலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தேன்.

வகுப்பு டீச்சரிடம் கோபமாகவே கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. "போன வாரம் காத்தாடி பின்னாடி ரோட்டுக்கு ஓடிட்டா மேடம், பஸ்காரர் பிரேக் போட்டதால பொழச்சா. அவங்கம்மாதான் கட்டி வைங்கன்னு இந்தத் துப்பட்டாவக் குடுத்து வுட்டாங்க."

மாத்திரை

நித்யாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டாக்டர் பார்த்துவிட்டு ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காமல் உடம்பு ஓயாமல் துறுதுறுக்கும் குறைபாடு என்றார். சேட்டையும் இல்லை, கொழுப்பும் இல்லை, மூளை வேலை செய்யும் விதமே அப்படி என்று அப்பா, அம்மா இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வகுப்பில் முன்வரிசை, துண்டு துண்டாகப் பிரித்த வேலை, நடுவில் எழுந்து நடக்க அனுமதி என்று நானும் டீச்சரும் ஏற்பாடு செய்தோம். நித்யா ஒரு கணக்கை முழுசாகப் போட்டாள். ஆனால் கொஞ்ச நாளிலேயே பழையபடி ஆகிவிட்டாள்.

வீட்டுக்குப் போனேன். அப்பா முருகையன் பைக் மெக்கானிக். தவளக்குப்பத்தில் அவர் வேலை பார்க்காத கடையும் இல்லை, நிலைத்த கடையும் இல்லை. மாத்திரையெல்லாம் ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளையின் மாத்திரையைத் தானே விழுங்கி வந்ததை ஒப்புக்கொண்டார். டாக்டரைக் கேட்காமல் சாப்பிட்டு இருதயத்துக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அங்கே பிள்ளை மருந்தில்லாமல் தவிக்கிறாளே? திட்டத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"டாக்டரு அவளப் பத்திச் சொன்னது எல்லாம் எனக்கும் அப்படியே கீது மேடம். இன்னாதான்னு ஒண்ணு போட்டுப் பாத்தேன். பொறந்ததுலேந்து மொத தபா மண்டக்குள்ள எரைச்சல் நின்னுச்சு."

அப்பாவின் முறை

கையோடு அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இனி பிள்ளையின் மாத்திரையைத் தொடக்கூடாது என்று டாக்டர் முதலில் கடிந்துகொண்டார். பிறகு அவருடைய சின்ன வயதை விசாரித்து, பரிசோதனையெல்லாம் செய்து, இவருக்கும் அதேதான் என்றார். பெரியவர்களுக்கும் இருக்குமா என்று முருகையன் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்குத் தனி மருந்து, தனி ஆலோசனை. ஒரு வண்டியை முடிக்காமல் அடுத்த வண்டியைத் தொடுவதில்லை என்று இப்போது ஒரே கடையில் இருக்கிறார். நித்யாவும் கட்டில்லாமல் உட்காருகிறாள். பாதி நேரம்தான், ஆனாலும் உட்காருகிறாள்.

விஷயம் தெரிந்ததும் முருகையனின் மனைவி செல்வி சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். டாக்டர் அதைச் சொன்ன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "கல்யாணம் ஆனதுலேந்து பொறுப்பில்லாத மனுசன்னு வையாத நாளில்ல மேடம். அது அவரு கையில இல்லன்னா, நான் வஞ்சதெல்லாம் யாரப் போயி சேரும்?"

ஒரு பிள்ளையைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம், பார்த்து முடிப்பதென்னவோ முழுக் குடும்பத்தை.