கலாதேவி அக்காவின் பன்னிரண்டாவது சொல்

கலாதேவி அக்கா குடியிருப்பது மலேசியாவில் ஈப்போவை அடுத்த லகாட்டில். சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர். பதினேழு வருடமாக ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக்கு ஜாகா, அதாவது காவல் வேலை. போன மாதம் பின்னால் வந்த லாரியின் ஹார்ன் அவர் காதில் விழவில்லை. மாதக் கடைசிக்குள் காதுக்கருவியோடு வந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

கருவிக்கான காசு அவர் வீட்டுத் துணி உலர்த்தும் அலமாரி சேர்த்து வைத்ததுதான். மூன்று வருடத்துக்கு முன் என் கைப்பேசிக் கடையில் நான் விற்ற அலமாரி. உள்ளே பிட்காயின் தோண்டும் சில்லு. அதன் சூட்டில் சீருடை காயும், காசும் சொட்டுச் சொட்டாகச் சேரும்.

"பெரிய கொட்டாய் போட்டவன் மட்டும் தோண்டுனா எல்லாம் அவன் கையிலதான் அக்கா. வீட்டுக்கு ஒண்ணு இருந்தா எவனும் ஆட்டங்காட்ட முடியாது" என்று அளந்தேன்.

"எனக்குச் சட்டை காஞ்சா போதும்லா" என்றார்.

கைப்பேசி தொலைந்தால் அந்தக் காசைத் திறக்கும் சாவி பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். அலமாரி விற்ற அன்று கடையில் கூட்டம். எரிச்சலோடு கடகடவென்று சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். எந்த எழுத்தில் என்று எட்டிப் பார்க்கக்கூட எனக்குப் பொறுமையில்லை.

இப்போது அவர் கைப்பேசி மழையில் கால்வாயோடு போய்விட்டது. மடித்து வைத்த நாள்காட்டித் தாளை நீட்டினார். பன்னிரண்டும் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில். புத்திகெட்டவன் நான். பதினொன்றைத் தட்டுத்தடுமாறிப் பிடித்தேன். கடைசியில் நின்றது 'கார்ட்'. அட்டைக்குச் சொல்லும் கார்டைப் போட்டேன், திறக்கவில்லை. வண்டிக்குச் சொல்லும் கார்ட்டைப் போட்டேன், அதுவும் இல்லை.

'முடியல அக்கா' என்று எழுதிக் காட்டினேன். எழுதவே கூசியது.

படித்துவிட்டுத் தொப்பியை எடுத்தார். "மத்தது எப்படி விழுந்துச்சோ தம்பி, இது மட்டும் காதுல நல்லா விழுந்துச்சு. நம்ம வேலையச் சொல்றியேன்னு நெனச்சேன்."

"அது ஜாகா இல்லையா?"

என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "நீங்கதான் ஜாகாம்பீங்க. நாங்க கார்ட்டுன்னுதான் சொல்லிக்குவோம்."

வேலைக்கு நேரமாகிவிட்டதென்று திரும்பி நடந்தார். சட்டை முதுகில் அந்தச் சொல் ஆங்கிலத்தில் GUARD என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டினேன். திறந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டேன். அவர் போய்க்கொண்டே இருந்தார். 'திறந்துருச்சு, ரெண்டு காதுக்கும் போதும்' என்று தமிழிலேயே எழுதி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.