இஸ்பேட் ஆஸும் ஒரு மத்தியானச் சாப்பாடும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. இஸ்பேட் ஆஸ் ஒன்றை நம்பி, பெற்ற மகளுக்குச் சோறு போடும் உரிமையை இழந்தேன்.

பதறாதீர்கள். நகையை அடகு வைத்துச் சீட்டாடும் ரகமில்லை நான். எங்கள் ஆட்டத்தில் காசே கிடையாது. ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் புளியங்கொட்டைக்குப் பின்னால் இருக்கும் விஷயம்... அதுதான் பெரிசு.

மகள் கார்த்திகாவும் மாப்பிள்ளையும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். மதுரைக்கு வந்தால் ஞாயிறு காலை ரயிலில் இறங்கி, அன்று சாயங்காலமே ரயில் ஏறிவிடுவார்கள். நடுவில் இருப்பது ஒரே ஒரு மத்தியானச் சாப்பாடு. அம்மாக்களோ இரண்டு பேர்!

நாங்கள் கோச்சடை. மேற்கே விவசாயம் பார்த்த குடும்பம். எங்கள் வீட்டில் விருந்து என்றால் ஆட்டுக்கறி, அயிரை மீன் குழம்பு. சம்பந்தி வீடு மகால் பக்கம். சேலை வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரக் குடும்பம். அங்கே விருந்து என்றால் புளியோதரை, முள்ளுமுருங்கை வடை. காதல் கல்யாணத்தில்கூட இரண்டு வீட்டுக்கும் சண்டை வரவில்லை. இந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் வந்துவிட்டது.

“சீட்டுப் போட்டுப் பார்த்துருங்க அத்தை” என்று விளையாட்டாகச் சொன்னது மாப்பிள்ளைதான். இரண்டு சீட்டு போக்கர் என்று ஒன்றைச் சொல்லியும் கொடுத்தார். கையில் இரண்டு சீட்டு. மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. இரண்டையும் கலந்து, ஐந்து சீட்டில் நல்ல சேர்க்கை யாருக்கு அமைகிறதோ அவருக்கே நடுவில் வைத்த புளியங்கொட்டை. கொட்டை தீர்ந்தவர் தோற்றவர். தோற்ற வீட்டார் ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போக வேண்டும். தோற்றவர் அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது — இது நானே ஆணவத்தோடு சேர்த்த விதி.

ஆணவம் ஏன் என்றால், நான்தான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். சம்பந்தியம்மா பத்மா நல்ல மனுஷி. நல்ல சீட்டு வந்தால் கை தானாக மூக்குத்திக்குப் போய்விடும். அதைப் பார்த்ததும் நான் அந்தச் சுற்றை விட்டு விலகி, சீட்டைக் கவிழ்த்துவிடுவேன். இதற்கெல்லாம் படிப்பா வேண்டும்?

தீபாவளி எனக்கு. பொங்கல் எனக்கு. மூன்றாவது தடவை சம்பந்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சம்பந்தியம்மா, இனிமே ரெண்டு சீட்டு வேணாம். நாலு சீட்டு ஆடுவோம்.”

“அதுக்கென்ன, ஆடுவோம். ரெண்டுல ஜெயிக்கிறவளுக்கு நாலுல ஜெயிக்கத் தெரியாதா?” என்றேன்.

தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. மாப்பிள்ளை அவருக்கு வீடியோ காலில் மூன்று வாரம் ரகசியமாகப் பாடம் எடுத்திருக்கிறார் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

உங்களில் யாராவது இரண்டிலிருந்து நாலுக்கு மாறப் போகிறீர்களா? சூடு பட்டவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலு சீட்டைக் கையில் வாங்கியதும் முதலில் வருவது பேராசை. எந்தக் கையைப் பார்த்தாலும் ஆடலாம் போலத் தோன்றும். பின்னே? இரண்டு சீட்டில் ஒரே ஒரு ஜோடிதான். நாலு சீட்டில் மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஆறு ஜோடி! ஆனால் எதிரில் இருப்பவர் கையிலும் அதே ஆறு ஜோடி இருக்கிறதே... அதை யார் நினைக்கிறார்கள்? இரண்டு சீட்டில் ராஜா மாதிரி ஜெயித்துக் கொடுத்த கை, இங்கே சும்மா வேடிக்கை பார்க்கும்.

பழகுவதற்காக ஆடியபோது ஒரு தடவை எனக்கு மூன்று ராஜா ஒன்றாக வந்தது. துள்ளிக் குதிக்காத குறை. எங்களுக்குச் சீட்டுப் போடும் சம்பந்தி அண்ணன், அதாவது மாப்பிள்ளையின் அப்பா, அப்புறம் பொறுமையாக விளக்கினார்.

“தங்கச்சி, கையில இருந்து ரெண்டுதான் எடுக்கலாம். மூணாவது ராஜா உங்க கையிலயே மாட்டிக்கிட்டாரு. நடுவுல வந்து உதவ வேண்டியவர உள்ள பூட்டி வச்சிட்டு, எம்புட்டு சந்தோசம் உங்களுக்கு!”

நாலும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும். மூன்று ஒத்துப்போய் ஒன்று முறைத்துக்கொண்டு நின்றால்கூட யோசிக்க வேண்டும். பெரும்பாலான கைகளைக் கூச்சப்படாமல் கவிழ்த்துவிட வேண்டும். இதெல்லாம் அண்ணன் சொன்னார். எனக்கு மண்டையில் ஏறியது. கைக்கு மட்டும் ஏறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். மறுநாள் இல்லை, அதற்கடுத்த நாள் பிள்ளைகள் வருகிறார்கள். எட்டு மாதமாகிவிட்டது மகளை நேரில் பார்த்து. அயிரைக்குச் சொல்லி வைத்துவிட்டேன். சொல்ல வெட்கம்தான் — ஜெயிப்பதற்கு முன்னாலேயே தேங்காய்கூட வாங்கிவிட்டேன்.

என் கையில் இரண்டு ஆஸ். அதில் ஒன்று இஸ்பேட். கூட ஒரு கிளாவர் ராணி, எதிலும் ஒட்டாத டைமன் எட்டு. நடுவில் முதலில் மூன்று சீட்டு விழுந்தது. இரண்டு இஸ்பேட், ஒரு ஆர்ட்டின். நாலாவது, இஸ்பேட். ஐந்தாவது... அதுவும் இஸ்பேட்!

நடுவில் நாலு இஸ்பேட். என்னிடம் இஸ்பேட் ஆஸ். நாலும் ஒன்றும் ஐந்து. ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அதுவும் ஆஸ் தலைமையில். இதை அடிக்க ஆள் பிறக்க வேண்டும் என்று நினைத்தேன். சம்பந்தியம்மாவின் கை மூக்குத்திக்குப் போனது. பார்த்தேன். பார்த்தும், மிச்சமிருந்த புளியங்கொட்டை அத்தனையையும் நடுவில் தள்ளினேன்.

“வாரேன்” என்று தன் புளியங்கொட்டையையும் தள்ளினார் சம்பந்தியம்மா, சாதுவாக.

நான் ஆஸைத் தட்டென்று வைத்தேன். அவர் இரண்டு சீட்டை வைத்தார். இஸ்பேட் ஏழு. இஸ்பேட் நாலு.

“ஏழும் நாலுமா?” என்று சிரித்தே விட்டேன். “என்கிட்ட ஆஸ் இருக்கு, சம்பந்தியம்மா.”

“கூட இன்னொரு இஸ்பேட் இருக்கா?”

“எதுக்கு இன்னொண்ணு?”

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். “தங்கச்சி, ரெண்டு சீட்டுலதான் கையில ஒண்ணு, நடுவுல நாலுன்னு எடுக்கலாம். இதுல கையில ரெண்டு, நடுவுல மூணு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உங்க இஸ்பேட் நாலுதான் ஆகுது. அவகிட்ட முழுசா அஞ்சு இஸ்பேட். உங்ககிட்ட இருக்கிறது வெறும் ஆஸ் ஜோடி.”

அண்ணனும் சம்பந்தியம்மாவும் சௌராஷ்டிரத்தில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள். அர்த்தம் கேட்க எனக்குத் தெம்பில்லை.

சின்ன ஏழும் சின்ன நாலும் கைகோத்து வந்து என் ஆஸைத் தூக்கிப் போட்டுவிட்டன. விதி தெரியாமலா? மனப்பாடம்! ஆனாலும் பழைய ஆட்டத்தின் பழக்கம் இருக்கிறதே, அது அவசரத்தில்தான் வெளியே வரும். புது ஆபீசுக்கு மாறியவர் பழைய ஆபீஸ் வாசலில் போய் வண்டியை நிறுத்துவதில்லையா... அப்படித்தான்.

ராத்திரி அயிரைக்காரருக்கு போன் செய்து வேண்டாம் என்றேன். சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. அவர் என்ன நினைத்தாரோ, “யாருக்காச்சும் உடம்பு சரியில்லையாக்கா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை உம்மென்று சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அடுப்படிக்குள் போக முடியாது. நான் போட்ட விதி. கூடத்தில் சும்மா உட்கார்ந்தேன். கார்த்திகா வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

மூன்று மணி நேரம் பேசினாள். மாடி வீட்டுக்காரி நாற்காலியை இழுக்கும் சத்தம், ஆபீஸ் கேன்டீன் சாம்பார், புது மேனேஜர் போன வாரம் எல்லோர் முன்னாலும் திட்டியது, பாத்ரூமில் போய் அழுதது. “போன்ல சொன்னா நீ பயப்படுவம்மா” என்றாள். நான் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். கண் கலங்கியதை அவள் பார்க்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் ஜெயித்தேனே, அன்றைக்கெல்லாம் இவளோடு என்ன பேசினேன்? “உப்புப் பாரு”, “இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்க”, “நேரமாச்சு, கிளம்பு.” அவ்வளவுதான்.

அடுப்படி வாசலில் நிழலாடியது. எண்ணெய் வழியும் கரண்டியோடு சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். சோபாவில் கிடந்த மகனைப் பார்த்தார். என் மடியில் கிடந்த மருமகளைப் பார்த்தார்.

“அம்மா, நீ இங்க வந்து உக்காரேன்” என்றார் மாப்பிள்ளை.

“வடை கருகிரும்டா” என்று உள்ளே போய்விட்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்க் கரண்டியைக் கேட்டேன். “தோத்தவங்க உள்ள வரக்கூடாது சம்பந்தியம்மா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் பிள்ளைகள் மறுபடியும் வருகிறார்கள். நேற்று ஆட உட்கார்ந்தோம். சம்பந்தியம்மா சீட்டைப் பார்த்தார், கவிழ்த்தார். அடுத்த கையை நான் கவிழ்த்தேன். அவர், நான், அவர், நான்... இரண்டு மணி நேரமாகியும் இரண்டு பேரிடமும் புளியங்கொட்டை ஏறக்குறைய அப்படியே இருந்தது. அண்ணன் சீட்டுக்கட்டை மேஜையில் போட்டார்.

“என்னம்மா இது? ரெண்டு பேருமே தோக்குறதுக்குன்னு உக்காந்திருக்கீங்களா?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

நாலு சீட்டில் ஜெயிப்பதைக்கூட எப்படியோ கற்றுக்கொண்டுவிடலாம்... எதிரில் இருப்பவரும் ஓர் அம்மா என்றால், தோற்பதுதான் மகா கஷ்டம்!